ஜெர்மன் சொற்களைச் சேர்ப்பது எப்படி? பட்டியல், பெட்டி, வேர்

ஜெர்மன் படிக்கத் தொடங்கும் யாருக்கும் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும். எத்தனை வார்த்தை தெரிஞ்சா போதும்?

இதற்கு இரண்டு எல்லைகளை வைத்துக்கொள்வோம். கொன்ராட் டூடன் 1880-ல் வெளியிட்ட ஜெர்மன் எழுத்துக்கூட்டல் அகராதியில் சுமார் 27,000 தலைச்சொற்கள் இருந்தன. அதே டூடனின் 28-வது பதிப்பில் (2020) 1,48,000. இது மேல் எல்லை. கீழ் எல்லைக்கு கோதே இன்ஸ்டிட்யூட் தேர்வுப் பட்டியல்களைப் பார்க்கலாம். இந்தியாவில் மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் இயங்குகிறதே, அதுதான். ஏ1 நிலைக்கு சுமார் 650 சொற்கள், ஏ2-க்கு 1,300, பி1-க்கு 2,400. அப்படியானால் 650-க்கும் ஒன்றரை லட்சத்துக்கும் நடுவில் எங்கேயோ நாம் போய் நிற்க வேண்டும். எங்கே நிற்பது, அங்கே எப்படிப் போவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து, இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஜெர்மன் எனக்கு மாலை நேர வேலை. ஆனால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. என் அக்கா மகள் நர்ஸ். ஜெர்மனியில் வெளிநாட்டு நர்ஸாகப் பதிவு செய்ய பொதுவாக பி2 சான்றிதழ் கேட்கிறார்கள். இருந்த வேலையை விட்டுவிட்டு, கோர்ஸ் ஃபீஸுக்குக் கடன் வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் போன் செய்து, "மாமா, லிஸ்ட்ல இருக்குற வார்த்தை எல்லாம் எனக்குத் தெரியுது. கேட்டா டக்குனு சொல்லிடுவேன். ஆனா ஆடியோ போட்டா ஒண்ணுமே புரியல. ஏன் மாமா?" என்றாள். அவளுக்குச் சொன்னதையும், அதற்காகப் படித்ததையும் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

(ஜெர்மன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் கொடுக்க முடியும். சரியான ஒலிக்கு ஜெர்மானியர் பேசுவதைக் கேளுங்கள்.)

1. எண்ணிப் பார்த்தவர்கள்

சொற்களை எண்ணும் வேலையை ஜெர்மானியர்கள் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே செய்துவிட்டார்கள். பெர்லினில் ஃபிரீட்ரிஹ் வில்ஹெல்ம் கேடிங் என்பவர், பெரிய உதவியாளர் படையை வைத்துக்கொண்டு, சுமார் 1 கோடியே 10 லட்சம் சொற்கள் கொண்ட உரைகளைக் கையாலேயே எண்ணி, 1897-98-ல் ஓர் அடுக்கு அகராதி வெளியிட்டார். மொழி கற்பிப்பதற்காக அல்ல, சுருக்கெழுத்துக்காக. அடிக்கடி வரும் சொல்லுக்குச் சின்னக் கோடு கொடுத்தால் கை வேகமாக ஓடும் இல்லையா, அதற்காக.

பிறகு வந்த ஜிப்ஃப் போன்றவர்கள் இதில் ஒரு பொது விதியைக் கண்டார்கள். எந்த மொழியிலும் கொஞ்சம் சொற்கள் மிக அடிக்கடி வரும். மிச்சம் எல்லாம் எப்போதாவது வரும். ஒரு நாவலை எடுத்து, பத்து வரியில் ஒரு நிரல் எழுதி எண்ணிப் பாருங்கள். அதில் வரும் வெவ்வேறு சொற்களில் ஏறக்குறைய பாதி ஒரே ஒரு முறைதான் வந்திருக்கும். ஜெர்மனில் டெர், டீ, உண்ட், இன், ட்ஸு போன்றவை பக்கத்துக்குப் பக்கம் வந்து நிற்கும்.

"அப்போ முதல் ஆயிரம் சொல் தெரிஞ்சா எண்பது சதவீதம் புரியும்" என்று யூடியூபில் சொல்கிறார்களே, அது இதை வைத்துத்தான். இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. கீழே உள்ள தமிழ் வாக்கியத்தைப் படியுங்கள்.

நேற்று அவர் _____ இருந்து _____ எடுத்துக்கொண்டு வந்து எங்கள் _____ மேல் வைத்துவிட்டு, இது _____ என்று சொன்னார்.

15 இடங்களில் 11 உங்களுக்குத் தெரியும். முக்கால் பங்கு. ஆனால் அவர் கொண்டு வந்தது பாம்பா, பத்திரமா, பலாப்பழமா? தெரியாது. சதவீதம் புரிதலைச் சொல்வதில்லை. அடிக்கடி வரும் சொற்கள் வாக்கியத்தின் எலும்புக்கூடு. செய்தி இருப்பது அரிதாக வரும் சொற்களில்.

இதை ஆராய்ந்தவர்கள் இரண்டு அளவுகளைச் சொல்கிறார்கள். பாட்டியா லாஃபர் 1989-ல் சொன்னது 95%. அதாவது 20 சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். ஹூ, பால் நேஷன் இருவரும் 2000-ல் சொன்னது 98%. அதாவது 50 சொல்லுக்கு ஒன்று. அகராதி புரட்டாமல் ஒரு கதையை அனுபவித்துப் படிக்க இரண்டாவது அளவு வேண்டும்.

இதிலிருந்து என் முடிவு இதுதான். முதல் 1,000 முதல் 2,000 சொற்களை அடிக்கடி வரும் வரிசையிலேயே படியுங்கள், அதில் மாற்றுக் கருத்து இல்லை. அதற்குப் பிறகு அந்த வரிசைக்குப் பெரிய மதிப்பு கிடையாது. 3,500-வது சொல்லும் 4,800-வது சொல்லும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு அரிதானவை. அங்கிருந்து உங்கள் துறைதான் பட்டியலைத் தீர்மானிக்க வேண்டும். நர்ஸுக்கு நோயாளி பேசும் சொற்கள். எலக்ட்ரீஷியனுக்கு ஒயரும் ஃபியூஸும். என் மாதிரி ஆளுக்கு பிழை, பதிப்பு, தரவு. பொதுப் பட்டியலை முடித்துவிட்டு அதே வேகத்தில் பொதுப் பட்டியலையே தொடர்கிறவர்கள்தான் "எவ்வளவு படிச்சாலும் போதலையே" என்று சலித்துப்போகிறார்கள்.

2. மறதியின் கணக்கு

மறதியை முதலில் அளந்தவரும் ஒரு ஜெர்மானியர்தான். ஹெர்மன் எப்பிங்ஹவுஸ், பெர்லின். அர்த்தமில்லாத அசைகளை உருவாக்கி, தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885-ல் முடிவுகளை வெளியிட்டார். பரிசோதனை எலி அவரே.

அவர் அளந்த விதம் அழகானது. எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று எண்ணவில்லை. மறுபடி படிக்கும்போது முதல் முறையை விட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து 44% மிச்சம். ஒரு நாள் கழித்து 34%. 31 நாள் கழித்து 21%. முதல் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. பிறகு இறக்கம் மெதுவாகிறது. ஒரு நாளுக்கும் ஒரு மாதத்துக்கும் இடையே போனது வெறும் 13 புள்ளி. அர்த்தமுள்ள சொற்களுக்கு நிலைமை இவ்வளவு மோசம் இல்லை, ஆனால் வளைவின் வடிவம் அதேதான்.

இதன் பொருள், ஒரே நாளில் ஒரு சொல்லை இருபது தடவை உருப்போடுவது வீண். மறக்கப் போகும் நேரத்தில் ஒரு தடவை நினைவுபடுத்தினால் போதும். அதற்குப் பிறகு மறப்பதற்கு முன்னைவிட அதிக நாள் ஆகும்.

இதை நடைமுறைக்குக் கொண்டு வந்தவர் செபாஸ்டியன் லைட்னர். 1972-ல் வந்த அவருடைய புத்தகத்தில் ஓர் அட்டைப்பெட்டி வருகிறது. ஐந்து அறைகள். எல்லா அட்டையும் முதல் அறையில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். தப்பாகச் சொன்னால், எந்த அறையில் இருந்தாலும், முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையை அடிக்கடி பார்க்க வேண்டும், கடைசி அறையை எப்போதாவது பார்த்தால் போதும். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தால் இன்றைக்கே செய்துவிடலாம்.

கம்ப்யூட்டரில் இதைச் செய்தவர் போலந்தைச் சேர்ந்த பியோட்டர் வோஸ்னியாக். சூப்பர்மெமோ என்ற அவருடைய மென்பொருள் 1987-ல் வந்தது. அதன் எஸ்எம்-2 என்ற வழிமுறை மிக எளிமை. முதல் இடைவெளி 1 நாள், இரண்டாவது 6 நாள், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் முந்தைய இடைவெளியை ஒரு காரணியால் பெருக்க வேண்டும். அந்தக் காரணி 2.5-ல் தொடங்கும். உங்களுக்குக் கஷ்டமான சொல்லென்றால் குறையும், ஆனால் 1.3-க்குக் கீழே போகாது. 2.5 என்றே வைத்துக்கொண்டால் இடைவெளிகள் 1, 6, 15, 38, 95 நாள். கூட்டிப் பாருங்கள், 155. ஐந்தே முறை பார்த்து ஒரு சொல்லை ஐந்து மாதம் காப்பாற்றலாம். 2006-ல் டேமியன் எல்ம்ஸ் எழுதிய அன்கி செயலி இந்த வழிமுறையில் இருந்துதான் தொடங்கியது.

இன்னொரு முக்கியமான சோதனை. கார்பிக், ரோடிகர் என்ற இருவர் 2008-ல், மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி சொற்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஒரு சொல் தெரிந்த பிறகும் அதைத் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டே இருந்தவர்கள் ஒரு வாரம் கழித்து சுமார் 80% சொன்னார்கள். சோதனையை நிறுத்திவிட்டுத் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் செய்தவர்கள் 35% போலத்தான். பார்ப்பது வேறு, மூடி வைத்துவிட்டு யோசித்துச் சொல்வது வேறு. பட்டியலை விரலால் தடவிக்கொண்டே படிப்பதில் மனதுக்கு ஒரு திருப்தி கிடைக்கும். அவ்வளவுதான்.

3. அட்டையில் என்ன எழுதுவது?

"டிஷ் – மேசை" என்று எழுதினால் அது பாதி அட்டை. ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. நம் தமிழில் திணையும் பாலும் பொருளைப் பார்த்து வருவது. மேசை அஃறிணை, விஷயம் முடிந்தது. ஜெர்மனில் அப்படி இல்லை. சாப்பாட்டு மேசையிலேயே பாருங்கள். கரண்டி ஆண்பால் (டெர் லோஃபெல்), முள்கரண்டி பெண்பால் (டீ காபெல்), கத்தி ஒன்றன்பால் (டாஸ் மெஸர்). சூரியன் பெண், சந்திரன் ஆண். சின்னப் பெண்ணைக் குறிக்கும் மெட்ஷென் ஒன்றன்பால்! மார்க் ட்வைன் 1880-ல் இதைக் கிண்டல் செய்தே ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார்.

ஆனால் மெட்ஷென் விஷயத்தில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஷென் என்று முடியும் சிறுமைப்பெயர் எல்லாமே ஒன்றன்பால். உங், ஹைட், கைட், ஷாஃப்ட் என்ற விகுதிகளில் முடிபவை பெண்பால். வோனுங் (வீடு), க்ராங்க்ஹைட் (நோய்) இரண்டும் டீ. இப்படி விகுதி காட்டிக்கொடுக்காத சொற்களை மட்டும் டெர், டீ, டாஸ் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிப் பழக வேண்டும். "டிஷ்" என்று ஒரு சொல் கிடையாது, "டெர் டிஷ்" என்றுதான் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்மையையும் கூடவே எழுதுங்கள், அதுவும் சொல்லுக்குச் சொல் மாறும்.

வினைச்சொல்லுக்கு மூன்று வடிவம் வேண்டும். கேயென் (போ), இறந்த காலம் கிங், முற்று கெகாங்கென். போ, போனான் என்று பழகியவர்கள் கிங் என்ற ஒலியில் கேயெனைக் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக, சொல்லின் கூட்டாளி. தமிழில் முடிவை "எடுப்போம்". ஜெர்மானியர் முடிவைச் "சந்திப்பார்கள்" (எண்ட்ஷைடுங் ட்ரெஃபென்). தனித்தனியாக இரண்டு சொல்லும் தெரிந்திருந்தாலும் இந்த ஜோடி தெரியாவிட்டால் பேசும்போது வராது. அதனால் அட்டையில் ஒரு குட்டி வாக்கியம் அவசியம்.

4. வேரைப் பிடித்தால் கிளை வரும்

இதுதான் ஜெர்மனின் ருசியான பகுதி. ஜெர்மனில் பெரிய சொற்கள் சின்னச் சொற்களால் கட்டப்பட்டவை. கையுறைக்கு ஹாண்ட்-ஷூ, கைச்செருப்பு. ஆமைக்கு ஷில்ட்-க்ரோடெ, கேடயத் தேரை. ஃப்ரிட்ஜுக்கு கூல்-ஷ்ராங்க், குளிர் அலமாரி. ட்ஸொய்க் என்றால் சாமான். ஃப்ளூக் (பறத்தல்) சேர்த்தால் விமானம், ஷ்பீல் (விளையாட்டு) சேர்த்தால் பொம்மை, ஃபொயர் (தீ) சேர்த்தால் லைட்டர், வெர்க் (வேலை) சேர்த்தால் கருவி. ஒரு சொல் கற்றால் நாலு கூட வருகிறது.

தொலைபேசி, தொலைக்காட்சி என்று சொல் படைத்த நமக்கு இது புதிதல்ல. ஹைன்ரிஹ் ஃபோன் ஷ்டெஃபான் என்ற அஞ்சல்துறைத் தலைவர் 1870-களில் நூற்றுக்கணக்கான பிறமொழிச் சொற்களை ஜெர்மனாக்கினார். டெலிபோனுக்கு அவர் காலத்தில் பரவிய சொல் ஃபெர்ன்-ஷ்ப்ரெஹர். தொலை-பேசி, அப்படியே! இன்று அவர்களும் பேச்சில் டெலிஃபோன் என்கிறார்கள், நாமும் போன் என்கிறோம். ஆனால் டிவிக்கு ஃபெர்ன்-ஸேயென் (தொலை-பார்த்தல்) இன்னும் நிற்கிறது.

தமிழருக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை யாரும் வகுப்பில் சொல்வதில்லை. ஜெர்மன் கூட்டுச்சொல்லில் முக்கியமான சொல் கடைசியில்தான் வரும். தமிழிலும் அப்படித்தான். 1999-ல் மெக்லென்பர்க்-ஃபோர்போமெர்ன் மாநிலத்தில் போட்ட ஒரு சட்டத்தின் பெயர் 63 எழுத்துக்கொண்ட ஒரே சொல். 2013-ல் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். அதைத் துண்டு துண்டாக வெட்டினால்:

ரிண்ட் (மாடு) – ஃப்ளைஷ் (இறைச்சி) – எடிகெட்டீருங் (லேபிள் ஒட்டல்) – ஊபர்வாஹுங் (கண்காணிப்பு) – அவுஃப்காபென் (பணிகள்) – ஊபர்ட்ராகுங் (ஒப்படைப்பு) – கெஸெட்ஸ் (சட்டம்)

மாட்டிறைச்சி லேபிள் ஒட்டல் கண்காணிப்புப் பணிகள் ஒப்படைப்புச் சட்டம். ஒரு துண்டைக்கூட இடம் மாற்றத் தேவையில்லை, வரிசை அப்படியே தமிழ் வரிசை. நம்ம அரசாணைத் தலைப்பு மாதிரியே இருக்கிறது இல்லீங்களா? பாலும் கடைசிச் சொல்லைத்தான் பின்பற்றும். கெஸெட்ஸ் டாஸ் என்பதால் மொத்தமும் டாஸ். ப்ளூட் (இரத்தம்) + ட்ருக் (அழுத்தம்) = ப்ளூட்ட்ருக், இரத்த அழுத்தம். ட்ருக் டெர், எனவே டெர் ப்ளூட்ட்ருக்.

வினைச்சொற்களில் முன்னொட்டு வேலை செய்கிறது. நேமென் என்றால் எடு. ஐன்நேமென், மருந்து சாப்பிடு. அப்நேமென், இரத்தம் எடு; எடை குறை என்றும் பொருள். ட்ஸூநேமென், எடை கூடு. அவுஃப்நேமென், நோயாளியைச் சேர்த்துக்கொள். ஒரு வார்டில் காலையிலிருந்து மாலைக்குள் இந்த நாலும் காதில் விழும்.

ட்ஸெர் என்ற முன்னொட்டு வந்தால் ஏதோ சுக்குநூறாகிறது என்று அர்த்தம். ப்ரெஹென் உடை, ட்ஸெர்ப்ரெஹென் நொறுங்கிப்போ. ஃபெர் என்பது பல சமயம் எக்குத்தப்பாகப் போவதைக் காட்டும். ஷ்லாஃபென் தூங்கு, ஃபெர்ஷ்லாஃபென் எழ வேண்டிய நேரம் தாண்டித் தூங்கிவிடு. தமிழில் "உடைஞ்சு போச்சு", "தூங்கிட்டேன்" என்று பின்னால் துணைவினை போட்டு நாம் சொல்லும் நுணுக்கத்தை அவர்கள் முன்னால் ஒட்டிச் சொல்கிறார்கள். ஆனால் எல்லா முன்னொட்டையும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ப்ரிங்கென் கொண்டுவா. உம்ப்ரிங்கென் கொலை செய்! இந்த மாதிரி ஆட்களைத் தனி அட்டையில் வைக்க வேண்டும்.

5. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் கொக்கிகள்

புதுச் சொல்லை மாட்ட ஒரு பழைய கொக்கி வேண்டும். நம்மிடம் மூன்று வகைக் கொக்கி இருக்கிறது.

முதலாவது ஆங்கிலம். ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே குடும்பம். ஒரு காலத்தில் ஜெர்மனில் மெய்யொலிகள் ஒழுங்காக மாறின. ஆங்கில ட் இருக்கும் இடத்தில் ட்ஸ் அல்லது ஸ்: டென் – ட்ஸேன், வாட்டர் – வாஸர். ப் இருக்கும் இடத்தில் ப்ஃப் அல்லது ஃப்: ஆப்பிள் – அப்ஃபெல், ஷிப் – ஷிஃப். க் இருக்கும் இடத்தில் ஹ்: மேக் – மாஹென், மில்க் – மில்ஹ். இதோடு நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் ஆங்கில த் ஜெர்மனில் ட் ஆகும்: த்ரீ – ட்ரை, பிரதர் – ப்ரூடர். இந்த நாலு விதி தெரிந்தால் நூற்றுக்கணக்கான சொற்கள் அட்டை இல்லாமலே வந்துவிடும்.

ஜாக்கிரதை, வேஷம் போட்டவர்களும் உண்டு. ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம். ஷெஃப் என்றால் சமையல்காரர் இல்லை, மேலதிகாரி. பெகோமென் என்றால் ஆவது இல்லை, பெறுவது.

இரண்டாவது, தமிழில் புழங்கும் வடசொற்கள். ஜெர்மனும் சமஸ்கிருதமும் தூரத்து உறவு. நாமம் – நாமெ (பெயர்), நாசி – நாஸெ (மூக்கு), தந்தம் – ட்ஸான் (பல்), அஷ்ட – அஹ்ட் (எட்டு), நவ – நொய்ன் (ஒன்பது). தமிழே நேராகக் கொடுத்த சொற்களும் சில உண்டு. கட்டமரான் நம்ம கட்டுமரம். இங்வெர் என்ற இஞ்சி, இஞ்சிவேர் பாலி, கிரேக்கம், லத்தீன் என்று ஊர் சுற்றிப் போய்ச் சேர்ந்தது. இதை வைத்துக்கொண்டு ஜெர்மனே தமிழில் இருந்து வந்தது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஒரு கொக்கி, அவ்வளவுதான்.

மூன்றாவது, வாக்கிய அமைப்பு. "எனக்குக் குளிருது" என்பதை ஆங்கிலத்தில் "நான் குளிராக இருக்கிறேன்" என்று திருப்ப வேண்டும். ஜெர்மனில் மீர் இஸ்ட் கால்ட். மீர் என்றால் எனக்கு. நான்காம் வேற்றுமை அப்படியே. "எனக்குப் பிடிக்குது" என்பதற்கும் மீர்தான். தலை சுற்றினால் மீர் இஸ்ட் ஷ்விண்ட்லிஹ். வலிக்கும் நம்ம சொற்களே பொருந்தும். குத்துகிற வலி ஷ்டெஹென், எரிகிற வலி ப்ரென்னென், இழுக்கிற வலி ட்ஸீயென். இதை ஆங்கிலம் வழியாகப் படித்தால் சுற்றுவழி. தமிழில் இருந்து நேரே போனால் பக்கம்.

ஒரு எச்சரிக்கை. ஷ்லெஹ்ட் என்றால் மோசம். ஆனால் நோயாளி மீர் இஸ்ட் ஷ்லெஹ்ட் என்றால் "எனக்குக் குமட்டுது" என்று அர்த்தம். ஷ்லெஹ்ட் = மோசம் என்று மட்டும் மனப்பாடம் செய்த நர்ஸ் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார். நோயாளிக்கு வேண்டியது ஒரு கிண்ணம்.

6. அப்படியானால் ஆடியோ ஏன் புரியவில்லை?

இப்போது அக்கா மகளின் கேள்விக்கு வரலாம். அன்ரூஃபென் (போன் செய்) அவள் பட்டியலில் இருக்கிறது. ஆடியோவில் வருவது இது: "டெர் ஆர்ட்ஸ்ட் ரூஃப்ட் ஸீ மோர்கென் ஃப்ரூ வேகென் டெர் ப்ளூட்வெர்டெ அன்." நாளைக் காலை டாக்டர் இரத்தப் பரிசோதனை முடிவு பற்றி உங்களுக்குப் போன் செய்வார். ரூஃப்ட் வந்து ஆறு சொல் தாண்டி, கடைசியில் அன் வருகிறது. பட்டியலில் ஒன்றாக இருந்த சொல் வாக்கியத்தில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. காது ரூஃப்ட்-ஐப் பிடித்துக்கொண்டு அன் வரும் வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியைப் பட்டியல் கொடுக்காது.

இரண்டாவது காரணம், அவள் பார்த்துத்தான் படித்திருக்கிறாள், கேட்டுப் படிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது, அவள் ஜெர்மனில் இருந்து தமிழுக்கு மட்டுமே சோதித்துக்கொண்டாள். எதிர்த்திசையிலும் சோதித்தால்தான் வாயில் வரும்.

இதற்கு நான் அவளுக்குச் சொன்ன உதாரணம் முன்னூறு வருஷம் பழையது. 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு. அகராதி, இலக்கணம், வகுப்பு எதுவும் கிடையாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர். தன் தினசரி அட்டவணையைக் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். காலை 7 முதல் 8 வரை, முன்பு எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் பார்ப்பது. 8 முதல் 12 வரை, இதுவரை படிக்காத தமிழ் நூல்களைப் படிப்பது. பக்கத்தில் ஒரு வயதான புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். புதுச் சொல் வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். செய்யுள் கடினமாக இருந்தால் புலவர் பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்வார். பிற்பகல் 3 முதல் 5 வரை மீண்டும் படிப்பு. இரவு 7 முதல் 8 வரை, கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, வேறொருவர் படிக்கக் கேட்பது. பிடித்த நூலைத் திரும்பத் திரும்பப் படிப்பது. பத்து வருஷத்தில், 1716-ல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகி வந்தது.

இந்த அட்டவணையைக் கவனியுங்கள். மறுபார்வைக்கு ஒரு மணி நேரம்தான். மீதி எல்லாம் படிப்பதும் கேட்பதும். பட்டியல் தானாக வரவில்லை, அவர் படித்ததில் இருந்து வந்தது. இன்று நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

7. ஒரு நாள் கணக்கு

வேலைக்குப் போகிறவர்களுக்கு அரை நாள் கிடைக்காது. ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு நான் பரிந்துரைப்பது இது.

15–20 நிமிடம் அட்டைகள். புதிது ஒரு நாளைக்கு 10-க்கு மேல் வேண்டாம். 10 வீதம் 240 நாளில் 2,400, அதாவது பி1 பட்டியல் முழுவதும். 30 என்று ஆரம்பித்தால் மூன்றாவது வாரத்தில் மறுபார்வை மலை மாதிரிக் குவியும், செயலியைத் திறக்கவே பயமாக இருக்கும். சேர்ந்துவிட்டால் புதிதை நிறுத்துங்கள், மறுபார்வையை நிறுத்தாதீர்கள்.

25 நிமிடம் படித்தல் அல்லது கேட்டல். உங்கள் நிலைக்கு எளிதான உரை. தெரியாத சொல்லில் இரண்டாம் தடவை எதிர்ப்படுவதை மட்டும் அட்டையாக்குங்கள், அது வந்த வாக்கியத்தோடு. ஒரே ஆடியோவை நாலு நாள் கேட்பது நாலு ஆடியோவை ஒரு நாள் கேட்பதைவிட நல்லது.

15 நிமிடம் வாய் திறந்து சொல்லுதல். இன்று கற்ற சொற்களை வைத்து ஐந்து வாக்கியம். ஆள் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்லுங்கள், சுவர் கோபித்துக்கொள்ளாது.

அக்கா மகள் இப்போது பொதுப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, வார்டில் நோயாளி சொல்லக்கூடிய வாக்கியங்களைத் தனி அடுக்காகச் சேர்த்து வருகிறாள். ஒவ்வொன்றையும் ஒலியோடு. முதலில் காதால் கேட்டு, பிறகு திரையைப் பார்த்து. தேர்வு இன்னும் வரவில்லை, அதனால் முடிவைச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் போன வாரம் அனுப்பிய குரல் செய்தியில், பிரியும் வினைச்சொல் வந்தால் கடைசித் துண்டுக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டதாகச் சொன்னாள். "தமிழ்லயும் வினை கடைசியிலதானே மாமா வருது, அப்புறம் என்ன?" என்றும் கேட்டாள். சரியான கேள்வி. வேற்றுமை உருபுகளையும் வாக்கியக் கடைசியில் வினை வரும் கிளைவாக்கியங்களையும் தமிழ் வழியாகப் புரிந்துகொள்வது பற்றித் தனியாக எழுத வேண்டும். அடுத்த குறிப்பு அதுதான்.